ஞானகுமாரி சோற்றை விட்ட கதை

ஆவடியிலிருந்து வெள்ளானூர் போகும் சாலையில், வயலைப் பிளாட் போட்டு விற்ற இடத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர்களில் ஞானகுமாரியைத் தெரியாதவர்கள் கிடையாது. அவளுடைய மூக்கு அப்படி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் அவள் செக்கிங் சூப்பர்வைசர். தையலில் ஒரு நூல் பிசகினாலும் பிடித்துவிடும் கண் அவளுக்கு இருந்தது. ஆனால் பேர் வாங்கித் தந்தது மூக்குதான். அவள் போகும் கிறிஸ்தவ சபையில் கல்யாணம் என்றால், மாதர் சங்கச் செயலாளர் என்ற முறையில் பன்னீர்ச் செம்போடு வாசலில் நிற்பாள். வருகிற ஆண்கள்மேல் பன்னீரைத் தெளித்துக்கொண்டே ஒரு மூச்சு இழுப்பாள். வழியில் எவன் வண்டியை ஓரங்கட்டி இரண்டு வாய் ஊற்றிக்கொண்டு வந்தான் என்பது அந்த ஒரு மூச்சிலேயே தெரிந்துவிடும். "தம்பி, நீ கடைசி வரிசையில உக்காரு. ஃபேனுக்குக் கீழ" என்பாள். அதற்குப் பிறகு அந்த ஆள் பிரியாணி பரிமாறி முடிகிறவரை யாரிடமும் வாய் திறக்கமாட்டான்.

இந்த மூக்கு பிறவியில் வந்ததல்ல. பால்ராஜைக் கட்டிய பிறகு வந்தது. பால்ராஜ் திருமழிசையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். இளவயதில் நன்றாகக் குடித்தவர். கொய்யா இலை, ஏலக்காய், வெற்றிலை, புளிப்பு மிட்டாய் என்று எதை மென்றுகொண்டு வந்தாலும், அதற்கு அடியில் இருப்பதை அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஒளித்து ஒளித்து மனிதர் அலுத்துப்போனார். குடிப்பதைவிட மறைப்பது பெரிய வேலையாகிவிட்டதால் ஒருநாள் விட்டேவிட்டார். அவர் விட்டு எத்தனையோ வருஷமாகி, மகள் ரெனிதாவையும் மாங்காட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆனாலும் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், செருப்பைக் கழற்றிவிட்டு, மனைவி முகத்துக்கு நேரே ஒருமுறை ஊதிக் காட்டிவிட்டுத்தான் பால்ராஜ் உள்ளே போவார். அவருக்கு அது கைகால் கழுவுவது மாதிரி.

ஞானகுமாரிக்குச் சர்க்கரை வந்தும் வெகுகாலமாகிறது. மாத்திரையை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. சோற்றையும் தவறவிட்டதில்லை. காலையில் இரண்டு மாத்திரை, அதன்மேல் இட்லி. மதியம் கம்பெனி கேன்டீனில் ஒரு மலை சோறு. இரவு வீட்டில் இன்னொரு மலை. மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, சோறு மறுபக்கம் இழுக்க, எப்போதும் சோறுதான் ஜெயித்தது.

ஆவடியில் அவள் பார்க்கிற டாக்டர் அனுசுயா ஒருநாள் மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினால் நல்லது சொல்லப்போவதில்லை என்று ஞானகுமாரிக்குத் தெரியும்.

"இப்படியே போனா அடுத்த தடவை ஊசிதாம்மா" என்றார்.

நாள் முழுக்கத் தையல் ஊசிகளுக்கு நடுவே நிற்கிறவள்தான். ஆனால் தன் உடம்பில் ஏறப்போகும் ஊசி வேறு. வெளியே வந்து பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ரெனிதாவுக்குப் போன் போட்டாள்.

"மம்மி, கீட்டோன்னு ஒரு டயட் இருக்கு" என்றாள் ரெனிதா. "சோறு, இட்லி, சப்பாத்தி, உருளைக்கிழங்கு, சர்க்கரை எதுவும் கிடையாது. முட்டை, மீன், கறி, வெண்ணெய், கீரை இதுதான். எங்க ஆபீஸ்ல ரெண்டு மூணு பேருக்கு சுகர் நல்லாக் குறைஞ்சிருக்கு. ஆனா நீ மாத்திரை போடுற ஆளு. டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும். கேப்பியா?"

"கேக்குறேன்டி."

கேட்கவில்லை. அடுத்த ரிப்போர்ட்டை டாக்டர் முன்னால் வைக்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டு டாக்டர் கழற்றிய கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதில் சுவை ஏது?

மறுநாளே அரிசி டிரம் பக்கத்து வீட்டு நாகப்பன் வீட்டுக்குப் போயிற்று. நாகப்பன் ஆட்டோ ஓட்டுகிறவர். பால்ராஜின் பழைய கூட்டாளி. ஞானகுமாரி வீட்டில் காலிஃப்ளவரைத் துருவி ஆவியில் வேகவைத்து அதற்குச் சோறு என்று பேர் வைத்தார்கள். டீயில் பாலுக்குப் பதில் வெண்ணெய் மிதந்தது. தனக்கு ஒரு சமையல், புருஷனுக்கு ஒரு சமையல் என்று இரண்டு அடுப்பு எரிக்க ஞானகுமாரிக்கு நேரமில்லாததால், எந்த நோயும் இல்லாத பால்ராஜுக்கும் அதுவே சாப்பாடாயிற்று.

"எப்டி கீது?" என்று கேட்டாள்.

"சோறு மாதிரியே கீது" என்றார் பால்ராஜ். 'மாதிரி' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தினார். அன்றிலிருந்து அவர் தினமும் காலையில் டயரில் காற்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று நாகப்பன் வீட்டுக்குப் போய் நான்கு இட்லி காற்று பார்த்துவிட்டு வந்தார்.

ஞானகுமாரி பிடித்தால் பிடித்ததுதான். கேன்டீனில் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டபோது, அவள் கறித்துண்டை மட்டும் எடுத்து, அதில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைச் சட்டையில் பிசிறு எடுப்பது போல ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டாள். வீட்டு மெஷினில் விரல் குத்திப் பார்த்தால் எண் நாளுக்கு நாள் இறங்கியது. ஜாக்கெட் தளர்ந்தது. மோதிரம் சுழன்றது. சபையில் நடக்கும்போது முன்னைவிடக் கொஞ்சம் வேகமாகவே நடந்தாள். அவ்வப்போது கை நடுங்கிப் படபடவென்று வந்தது. கொழுப்பு கரைகிறபோது அப்படித்தான் இருக்கும் என்று அவளே தனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் வாடை வந்தது.

ஒரு சாயங்காலம் பால்ராஜ் வழக்கம்போல வந்து நின்று ஊதினார். ஞானகுமாரியும் வழக்கம்போல அவர் முகத்துக்கு அருகே குனிந்து மோந்தாள். குப்பென்று அடித்தது. அழுகிப்போன அன்னாசிப் பழத்தில் நகச்சாயம் அழிக்கிற தண்ணீரை ஊற்றி வைத்தது போல ஒரு வாடை.

"இன்னொரு தபா ஊதுங்க."

ஊதினார். ஊதிவிட்டு முகத்தைச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"ஏன் மூஞ்சியத் திருப்புறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார் பால்ராஜ். அவளையே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

ஞானகுமாரிக்கு நம்ப முடியவில்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறமா? அதுவும் என்ன சரக்கு என்றே பிடிபடவில்லை. அவள் மூக்குக்குத் தெரியாத சரக்கு ஒன்று ஊருக்குள் வந்திருக்கிறது என்பது தனி வேதனை. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவர் முகத்தருகே போனால் அந்த வாடை. அவர் முகத்தில் பட்டுத் திரும்புவது தன் மூச்சேதான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பால்ராஜின் நடவடிக்கையும் சரியில்லை. ஒருநாள் கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு கிடந்தார். இன்னொரு நாள் எண்ணெய் டின்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டு எதையோ தேடினார். பாட்டிலை எங்கோ ஒளித்துவிட்டு இடம் மறந்துபோய்த் தேடுகிறார் என்று ஞானகுமாரி முடிவு கட்டினாள். அவருக்கு முன்னால் தான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவளும் தேட ஆரம்பித்தாள். சனிக்கிழமை அவர் குளிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். அங்கே பால்ராஜ் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்றீங்க?"

"தண்ணி கீதான்னு பாக்குறேன்" என்றார். "நீ இன்னாத்துக்கு மேல வந்த?"

"நானும் அதுக்குத்தான்."

இருவரும் தொட்டியின் இரண்டு பக்கமும் நின்று, விளிம்புவரை நிறைந்திருந்த தண்ணீரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. சபையில் ஆராதனைக்குப் பிறகு மாதர் சங்கம் மது ஒழிப்புக் கூட்டம் வைத்திருந்தது. உறுதிமொழி வாசிப்பது ஞானகுமாரி. நல்ல காரியம் என்பதால் காலையில் முட்டைகூட இல்லாமல் உபவாசம் இருந்தாள். டாக்டர் எழுதிக்கொடுத்தது ஆயிற்றே என்று இரண்டு மாத்திரையை மட்டும் தண்ணீரில் விழுங்கினாள். நாகப்பன் ஆட்டோவில் ஏறினார்கள். வண்டி ரயில்வே கேட்டில் நின்றபோது காற்றும் நின்றது. நாகப்பன் மூக்கைச் சுளித்து, கண்ணாடியில் பின்னால் பார்த்து, பால்ராஜிடம் குரலைத் தாழ்த்தினார்.

"மாமே, இன்னா சரக்கு இது? புச்சா கீதே."

பால்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். ஞானகுமாரிக்கு அழுகை முட்டியது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. சபை வாசலில் இறங்கும்போது நாகப்பன் அவளிடம், "மன்சு உட்றாத அண்ணி. மன்சன்னா அப்டி இப்டிதான் இருப்பான். ஒண்ணியும் தப்பா நெனிக்கமாட்டேன் நானு" என்று ஆறுதல் சொன்னார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆயருக்கு அன்று பேச்சு ஊறியது. பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. ஞானகுமாரிக்கு முதலில் கழுத்து வேர்த்தது. பிறகு கை நடுங்கியது. மனதில் பாரம், அதனால்தான் என்று நினைத்தாள். அவள் பேரைச் சொல்லி அழைத்தபோது எழுந்து மைக்குக்கு நடந்தாள். தரை கொஞ்சம் மெத்தைபோல இருந்தது. கையிலிருந்த தாளில் எழுத்துகள் எறும்புபோல ஊர்ந்தன. ஆனாலும் எத்தனையோ தடவை வாசித்த உறுதிமொழிதானே. சபையார் எழுந்து நின்று வலது கையை நீட்டினார்கள்.

"நான் இன்று முதல்" என்றாள்.

"நான் இன்று முதல்" என்றது சபை.

"எந்த வகையான மதுவையும் தொடமாட்டேன்."

சபை சொன்னது. அதற்கு அடுத்த வரி எங்கே என்று தேடினாள். அகப்படவில்லை. அவளுக்குள்ளே பல நாளாக அடைபட்டுக் கிடந்த ஏதோ ஒன்று தானாக வாய்க்கு வந்தது.

"இட்லியையும் தொடமாட்டேன்."

"இட்லியையும் தொடமாட்டேன்" என்றது சபை. சொல்லிப் பழகிய வாய்.

"தோசையை ஏறெடுத்தும் பாரேன்."

"தோசையை ஏறெடுத்தும் பாரேன்." கண்ணை மூடிக்கொண்டிருந்த ஆயர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

"உருளைக்கிழங்கை என் வீட்டு வாசலில் சேர்க்கமாட்டேன்."

இதைச் சொல்லும்போது சபையின் குரல் கொஞ்சம் உள்ளே போனது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பரோட்டாவை வெறுத்து ஒதுக்குவேன்" என்றாள் ஞானகுமாரி, நாக்குக் குழற. முன்வரிசைப் பெண்கள் மட்டும் மரியாதைக்குச் சொன்னார்கள். கடைசி வரிசை, ஃபேனுக்குக் கீழே, வாயையே திறக்கவில்லை.

அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து மைக் கம்பத்தைப் பிடித்தாள். கம்பமும் அவளோடு வந்தது. ஆயர் ஓடிவந்து தாங்கினார். அவளுடைய மூச்சு அவர் முகத்தில் பட்டது. ஆயரின் கண்கள் அகலமாவதை, தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பது போல ஞானகுமாரி பார்த்தாள். அடுத்து பால்ராஜின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

"சபையோரே, அவள ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னுது. நான் குடிச்ச பாவம்தான் அவளப் பிடிச்சிகினு கீது. ஊடு பூராத் தேடிட்டேன், எங்க ஒளிச்சி வெச்சிருக்கான்னே தெரியல."

அவளுக்குக் கோபம் வந்தது. நாக்குதான் புரளவில்லை.

பாடகர் குழுவிலிருந்து சிம்ரன் இறங்கி வந்தாள். பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற பெண். ஞானகுமாரியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அங்கிள், மைக்கைக் கீழ வைங்க. இது குடி இல்ல. சுகர் இறங்கியிருக்கு. யார்கிட்டயாவது சுகர் மெஷின் இருக்கா?"

மாதர் சங்க வரிசை முழுக்கக் கைப்பைகள் திறந்தன. அந்தச் சபையில் வேதப்புத்தகத்துக்கு அடுத்தபடி அதிகமாக இருந்தது சுகர் மெஷின்தான் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. ஆயரே அங்கிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். சிம்ரன் விரலில் குத்திப் பார்த்தாள். நாற்பத்தெட்டு. டீ போட வைத்திருந்த சர்க்கரையைத் தம்ளரில் கரைத்து வாங்கி வாயருகே கொண்டுபோனாள். ஞானகுமாரி உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"அதுல சக்கர கீது" என்றாள், பல்லுக்கு இடையில்.

"அதுக்குத்தான் ஆன்ட்டி தர்றேன். குடிங்க."

குடித்தாள். நெடுநாளைக்குப் பிறகு நாக்கில் பட்ட இனிப்பு. இவ்வளவு நல்ல பொருளையா விட்டோம் என்று அந்த நிலையிலும் தோன்றியது. சற்று நேரத்தில் சிம்ரன் மறுபடி குத்திப் பார்த்தாள், எண் ஏறியிருந்தது. இரண்டு பிஸ்கட் தின்னக் கொடுத்தாள். கூரை ஓரிடத்தில் நின்றது. முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

"உறுதிமொழி முடிஞ்சிதாங்க ஐயா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுதும்மா" என்றார் ஆயர். "மதியச் சாப்பாடு எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். சாப்பிடலாமா வேண்டாமான்னுதான் எல்லாரும் யோசிக்கிறோம்."

அன்றைக்கே போனில் டாக்டர் அனுசுயாவைப் பிடித்தார்கள். இரண்டு மாத்திரையில் ஒன்றை உடனே நிறுத்தச் சொல்லி, மறுநாள் காலையில் வரச் சொன்னார். மாங்காட்டிலிருந்து ரெனிதாவும் வந்துவிட்டாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டு முடிக்கிறவரை கண்ணாடியைக் கழற்றவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மேசைக்கு அடியில் மட்டும் கர்ச்சீப்பைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"சோறு குறைச்சது தப்பில்லம்மா. என்கிட்ட சொல்லாம குறைச்சதுதான் தப்பு. நீங்க போடுறதுல ஒரு மாத்திரை, நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் சர்க்கரையை இறக்கிக்கிட்டே இருக்கும். அது நீங்க இட்லி சாப்பிடுவீங்கன்னு நம்பி உள்ள போகுது. நீங்க சாப்பாட்டை மாத்தினா நான் மாத்திரையை மாத்தணும். அதுக்கு மேல உபவாசம் வேற."

"நான் கேட்டுட்டுப் பண்ணச் சொன்னேன் டாக்டர்" என்றாள் ரெனிதா.

பால்ராஜ் தொண்டையைச் செருமினார். "டாக்டர், அப்போ அந்த வாடை?"

"சோறு இல்லாம உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வாயில அப்படி ஒரு வாடை வரும். சிலபேருக்கு ஜாஸ்தியா வரும். ஆனா சுகர் உள்ளவங்களுக்கு அது அளவு மீறக்கூடாது. ரத்தத்துல பாத்துடலாம்."

"அப்போ சரக்கு இல்ல."

"இல்ல."

"நான் தொட்டிக்குள்ள எல்லாம் தேடினேன் டாக்டர்."

ஞானகுமாரி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் கிடந்தது, எண்ணெய் டின், வாஷிங் மெஷின், நாகப்பனின் ஆறுதல் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன. தினமும் அவர் முகத்தில் தான் மோந்தது எது என்பதும் அப்போதுதான் விளங்கியது. வெட்கம் காதுவரை ஏறியது. "நான் உங்களத்தான் நெனச்சேன்" என்றாள்.

"தெரியும். நான் உன்ன நெனச்சேன்" என்றார் பால்ராஜ். டாக்டர் அதற்குமேல் தாங்காமல் கர்ச்சீப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ரத்தம், சிறுநீரகம் எல்லாம் பார்த்ததில் பயப்பட ஒன்றும் இல்லை. நிறுத்திய மாத்திரையை நிறுத்தியபடியே விட்டுவிட்டு, இன்னொன்றை மட்டும் டாக்டர் வைத்துக்கொள்ளச் சொன்னார். உபவாசம் கூடாது. சோறு குறைவாக, முட்டையும் மீனும் கீரையும் அதிகமாக. அடிக்கடி விரல் குத்திப் பார்த்து எண்ணைப் போனில் அனுப்ப வேண்டும். ஞானகுமாரி அப்படியே செய்தாள். அடுத்த தடவை மூன்று மாதச் சர்க்கரை வெகுவாக இறங்கியிருந்தது. ஊசிப் பேச்சே எழவில்லை. டாக்டர் மகிழ்ந்துபோய், "ஞாயிற்றுக்கிழமை காலையில மட்டும் ரெண்டு இட்லி சாப்பிட்டுக்கோங்க" என்று சலுகை கொடுத்தார்.

அந்த வாரமே ஞானகுமாரி பால்ராஜைக் கூட்டிக்கொண்டு ஆவடி மார்க்கெட்டில் பாத்திரக் கடை கடையாக ஏறி இறங்கினாள். கடைசியில் ஒரு கடையில், மேலே பரணில் கிடந்த தட்டு இட்லித் தட்டு ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்கள். அதில் ஒரு இட்லிக் குழியே சின்னச் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது.

"டாக்டர் ரெண்டு இட்லின்னாங்க" என்றார் பால்ராஜ்.

"நானும் ரெண்டுதான் துன்னப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை ரெனிதா வந்தபோது, அம்மா சட்னிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். தட்டில் இட்லி இரண்டுதான். தட்டுதான் கண்ணுக்குத் தெரியவில்லை. ரெனிதா போனை எடுத்துப் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பினாள். ஞானகுமாரி அவசரமாக முதல் வாயைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வதற்குள் பதில் வந்துவிட்டது.

"என்னவாம்?" என்று கேட்டாள், மென்றுகொண்டே.

"டாடி பாதியைச் சாப்பிடணுமாம்."

பால்ராஜ் அதற்குள் தட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.